நேராக வைத்த சீட்டு

மனிதர்களை எடைபோடத் தனக்கு அரை நிமிடம் போதும் என்று இசோபே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் அவரைப்பற்றி அப்படிச் சொன்னதில்லை. அதனால் அவரே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒசாகாவில், அலுவலகங்களுக்கு ஏசி மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில் அவர் பிரிவுத் தலைவர். அங்கே பிரிவுத் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'கச்சோ' என்று பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காலையில் அவருக்குக் கீழே இருந்தவர்கள் வரிசையாக நின்று 'கச்சோ, வணக்கம்' என்று தலைகுனியும்போது அவருடைய முதுகெலும்பு ஓர் அங்குலம் நீளும். வீட்டில் அந்த வசதி இல்லை. மனைவி சச்சி அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் பிரிட்ஜைப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

தோகுரா வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஒல்லியான உடம்பு. சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழைக்கலாம். ஏதாவது கேட்டால் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் பதில் வரும். இது தேறாத கேஸ் என்று இசோபே முடிவுகட்டினார். தேறாத கேஸ் ஒன்று கையில் கிடைப்பது அவருக்குப் பிடிக்கும். திட்டுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம் பாருங்கள்.

முதல் வாரம் முழுக்க விசிட்டிங் கார்டு பயிற்சி. இசோபே வாடிக்கையாளராக நடிப்பார்; தோகுரா கார்டு கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். வாங்கியதைச் சட்டைப்பையில் செருகக் கூடாது. பேச்சு முடியும்வரை மேஜையில் தன் முன்னால் வைத்திருக்க வேண்டும்.

"கோணலா வைக்காதடா!" என்று இரும்பு ஸ்கேலால் மேஜையில் ஓங்கித் தட்டுவார். "அது காகிதம்னு நெனச்சியா? ஆளுடா அது! பெரிய மனுஷன் கோணலா உக்காருவானா? மேஜை ஓரத்துக்கு நேரா வை!"

"வச்சுட்டேன், கச்சோ."

"கெளம்புறப்ப எடுத்துக்க. மறந்து மேஜையில விட்டுட்டு வந்தேன்னு வை, அந்தாளு மூஞ்சில காறித் துப்பிட்டு வந்ததா அர்த்தம். கம்பெனியவே மூடிட்டுப் போக வேண்டியதுதான். புரியுதா? எங்க, சொல்லு பார்ப்போம்."

"மூஞ்சில துப்பினதா அர்த்தம், கச்சோ."

சில மாதங்களில் அவன் கைக்கு அது பழகிவிட்டது. பெரிய மேலாளரின் கார்டு என்றால் இரண்டு ஆள்காட்டி விரல்களும் தாமாக நகர்ந்து அதை மேஜை ஓரத்துக்கு நேராகத் தள்ளும். ஒன்றுக்கும் உதவாதவனின் கார்டு என்றால் விழுந்தது விழுந்தபடி கிடக்கும். இசோபே அதைக் கவனித்தார். பரவாயில்லை, நாய்க்குக்கூட வித்தை பழக்கியாயிற்று என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

தோகுராவுக்குக் கிடைத்த நாற்காலி யாருக்கும் வேண்டாத நாற்காலி. கச்சோவின் மேஜைக்கு நேர் எதிரில் இருந்தது. நடுவில் தடுப்பு இல்லை. இசோபே தும்மினால் அவன் நிமிர்வான். கிளை மேலாளரிடமிருந்து போன் வந்தால், "எல்லாம் முடிஞ்சாச்சு சார், வாடிக்கையாளர் கையெழுத்தே போட்டாச்சு," என்று இசோபே குழைந்து பொய் சொல்வார். இடது மணிக்கட்டுக் கடிகாரத்தை வலது கையால் சுற்றிச் சுற்றித் திருப்புவார். போனை வைத்ததும் யாராவது ஒருவன் மேல் பாய்ந்தாக வேண்டும். ஆறு வருடம் பெரும்பாலும் தோகுரா மேல்தான் பாய்ந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து பிரிவே குடிக்கப் போனது. முதல் கடை முடிந்து இரண்டாவது கடைக்குக் கிளம்பும்போது தோகுராவைக் காணோம்.

"அவன் எங்கடா போய்த் தொலைஞ்சான்?" என்றார் இசோபே.

பக்கத்தில் ஹமானோ நின்றான். பிரிவிலேயே நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவன் அவன்தான். கச்சோ எதற்குச் சிரித்தாலும் அவருக்கு முன்னாலேயே சிரித்து வைப்பான். "கியோபாஷி ஸ்டேஷன் பாலத்துக்கிட்ட ஒரு பார் இருக்கு கச்சோ. போக்கர் ஆடுற பார். வாரத்துல நாலு நாள் அங்கதான் கெடக்கான்," என்றான்.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் நின்றுகொண்டிருந்த கூட்டத்தில் இசோபே தொண்டையைச் செருமினார்.

"நம்ம பிரிவுல ஒரு பெரிய சூதாடி இருக்காராமே? மாசக் கடைசில ஏசி ஒண்ணு விக்கத் துப்பில்ல, சீட்டு ஆடுறாராம். எவ்வளவு அடிச்சே, சொல்லேன், நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

தோகுரா இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினான். "அங்க காசு வச்சு ஆடக்கூடாது கச்சோ. சட்டம் விடாது. ஜெயிச்சா அடுத்த போட்டிக்கு நுழைவுச் சீட்டு தருவாங்க."

"கேட்டீங்களா! காசே வராத சூதாட்டமாம்! சூதாடக்கூட இவனுக்கு விவரம் பத்தல!"

ஹமானோ முதலில் சிரித்தான், மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். தோகுரா தரையைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் கச்சோவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மாதக் கடைசியில் ராஜினாமாக் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

"சீட்டாடிச் சோறு திங்கப்போறியாக்கும்?" என்றார் இசோபே. "போ, போ. ஏதாவது ஒரு கடையில சோத்துருண்டை அடுக்கிட்டு நிப்பே. நானே வந்து வாங்குறேன், கவலைப்படாதே."

அவன் போனபிறகு எதிர் நாற்காலி சில வாரம் காலியாகக் கிடந்தது. கோபம் வந்தால் யார் மேல் பாய்வது என்று தெரியாமல் இசோபேவுக்கு அஜீரணம் வந்தது.

மறு வருடம் இலையுதிர்காலத்தில் ஹமானோ செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான். டோக்கியோவில் நடந்த போட்டியில் தோகுரா முதலாவது. படத்தில் அதே பெரிய காலர், கையில் ஒரு கோப்பை. "குருட்டு அதிர்ஷ்டம்," என்றார் இசோபே. வசந்தத்தில் சியோலில் இரண்டாவது. "கொரியாக்காரனுங்களுக்கு ஆடத் தெரியல." அதற்கடுத்த வருடம் மணிலாவில், பதினாறு நாட்டுக்காரர்கள் ஆடிய பெரிய போட்டியில் முதலாவது. "அங்க வெயில் ஜாஸ்தி, மத்தவனுங்களுக்கு மண்டை காஞ்சிருக்கும்," என்றார். அந்தமுறை ஹமானோகூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தான்.

அப்புறம் டிவிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நேற்றுவரை சீட்டாடுகிறவனைச் சோம்பேறி என்ற அதே வாய்கள் இன்று 'சிந்தனை வீரர்' என்றன. துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரிக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டுச் சோபாவில் உட்காரவைத்தார்கள். பேட்டி எடுத்தவள் கண்ணை அகல விரித்து, "எதிர்ல இருக்கறவங்க மனசைப் படிக்கிற வித்தையை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நல்ல பள்ளிக்கூடம் கெடச்சுது. ஆறு வருஷம் படிச்சேன்," என்றான் தோகுரா. எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இசோபே தோலை டிவி மேல் எறிந்தார். "பள்ளிக்கூடமாம்! இவன் படிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா!"

"அவன் ஜெயிச்சா உங்களுக்கு ஏன் இப்படி வயிறு எரியுது?" என்று சச்சி பிரிட்ஜிடம் கேட்டாள்.

"எரியல. சிரிப்பு வருது."

"அதுவா சிரிக்கிற மூஞ்சி?"

ஐம்பத்தைந்து வயதானால் கம்பெனியில் பதவியைக் கழற்றிவிடுவார்கள். வேலை போகாது, நாற்காலி மட்டும் ஜன்னல் பக்கம் நகரும். இசோபேவுக்கும் பதவி மாற்றும் அந்த ஏப்ரல் வந்தது. ஹமானோ கச்சோ ஆனான். காலையில் எல்லோரும் ஹமானோவுக்குத் தலைகுனிந்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி, "இசோபே சான், வணக்கம்," என்றார்கள். இசோபே சான்! யார் பெயருக்குப் பின்னாலும் ஒட்டுகிற வெறும் மரியாதைச் சொல், மருந்துக்கடைக்காரனைக் கூப்பிடுவது மாதிரி. புதிய விசிட்டிங் கார்டில் பெயர் மட்டும் இருந்தது. பெயருக்கு மேலே பதவி இருந்த இடம் வெள்ளையாகப் பல்லிளித்தது. 'பிரிவுத் தலைவர்' என்று அச்சடித்த பழைய கார்டுகள் பெட்டி நிறைய மிச்சம் இருந்தன. அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய் சாக்ஸ்களுக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேறு என்ன செய்வது? தோகுரா ஆடிய ஆட்டங்களின் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தார். பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் இரண்டு சீட்டையும் திரையில் காட்டுவார்கள். மூன்றாவது வீடியோவில் இசோபே நிமிர்ந்து உட்கார்ந்தார். தோகுரா ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். உள்ளே இரண்டு ராஜா. இரண்டு ஆள்காட்டி விரல்களும் நகர்ந்தன. சீட்டுகள் மேஜை ஓரத்துக்கு நேராகப் போய் நின்றன. அடுத்த ஆட்டத்தில் ஏழும் இரண்டும். விழுந்தது விழுந்தபடி கிடந்தன. அவர் பத்து வீடியோ பார்த்தார், இருபது பார்த்தார். பெரிய சீட்டு நேராக இருந்தது, வெத்துச் சீட்டு கோணலாக இருந்தது. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"நான் சொல்லிக்குடுத்ததுடா!" என்று அலுவலகத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டார். புதிய கச்சோ ஹமானோ நிமிர்ந்து பார்த்தான். "இசோபே சான், கொஞ்சம் மெதுவா," என்றான்.

அன்றிலிருந்து இசோபேவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. மணிலாக்காரனும் சியோல்காரனும் பார்த்து நடுங்குகிறவன் தன் எதிரில் மண்ணைக் கவ்வ வேண்டும். எல்லோரும் பார்க்க எழுந்து, இடுப்புவரை வளைந்து, 'கச்சோ' என்று ஒரு முறை சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக அவர் போக்கர் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். கியோபாஷியில் அதே பாரில், மகன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து ஆடினார். 'பெருசு' என்று கூப்பிட்டார்கள். அரை நிமிடத்தில் அவர்களை எடைபோட்டு எல்லோரும் உருப்படாதவர்கள் என்று கண்டுபிடித்தார், அவர்களிடமே வரிசையாகத் தோற்றார். ஆனால் ஒன்றரை வருடத்தில் ஓரளவு ஆட வந்துவிட்டது. ஆத்திரம் நல்ல வாத்தியார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒசாகா துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஞாயிற்றுக்கிழமைப் போட்டி ஒன்று நடந்தது. தோகுரா சிறப்பு விருந்தாளி, அவனும் ஆடுவான். பந்தயம் கட்ட, காசுக்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரே அளவு வில்லைகள் கொடுப்பார்கள். வில்லை தீர்ந்தவன் எழுந்து போக வேண்டும். ஆட்கள் குறையக் குறைய மேஜைகளைச் சேர்ப்பார்கள். இசோபே பழைய கச்சோ கோட்டும் டையுமாகப் போய் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஆடினார். மத்தியானத்துக்கு மேல் அவரைக் கேமரா வைத்த மேஜைக்கு மாற்றினார்கள். எதிர் நாற்காலியில் தோகுரா இருந்தான். காலர் இப்போது கழுத்துக்குச் சரியாக இருந்தது.

"அட, இசோபே சான்," என்றான். எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தான்.

இசோபேவுக்குக் காது மடல் சூடானது. நின்றபடியே கோட்டுப்பையிலிருந்து பழைய கார்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். தோகுரா அப்போதுதான் எழுந்து, இரண்டு கையாலும் வாங்கி, நிதானமாகப் படித்தான்.

"பிரிவுத் தலைவர்... அப்படியா. எங்கிட்ட கார்டு இல்லீங்க. இந்த வேலைக்குத் தேவைப்படல."

கார்டைத் தன் வில்லைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் போட்டான். அது கோணலாகக் கிடந்தது. விரல்கள் அதன் பக்கம் போகவே இல்லை. இருடா, உன்னை வச்சுக்கறேன் என்று இசோபே உள்ளுக்குள் கறுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. மேஜையில் இருந்த மற்றவர்கள் தோகுராவின் கண்ணையும் கழுத்து நரம்பையும் வெறித்துக்கொண்டிருந்தார்கள். இசோபேவுக்கு அந்த முட்டாள்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் சீட்டை மட்டும் பார்த்தார். முதலில் தோகுரா சீட்டை நேராக்கினான். இசோபே தன் சீட்டை வீசிவிட்டு ஒதுங்கினார். பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரன் ஒதுங்காமல் மாட்டி, பாதி வில்லையை இழந்தான். அடுத்து தோகுராவின் சீட்டு கோணலாகக் கிடந்தது. இசோபே பந்தயத்தைத் துணிந்து ஏற்றினார். அவன் சீட்டை வீசிவிட்டு ஒதுங்கினான். திரும்ப ஒருமுறை கோணல், திரும்ப அவர் ஏற்றினார், திரும்ப அவன் ஒதுங்கினான்.

"நல்லா ஆடறீங்களே," என்றான் தோகுரா.

"எல்லாம் பழக்கம்தான்," என்றார் இசோபே. மண்டபமே தன்னைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. உண்மையில் கேமராக்காரன் மட்டும் பார்த்தான், அவனும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான்.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. சீட்டுப் போடும் பெண் இரண்டிரண்டாக வீசினாள். இசோபேவுக்கு ஒரு ராஜாவும் ஒரு நாலும் வந்தன; பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தோகுரா ஓரம் தூக்கிப் பார்த்தான், கவிழ்த்தான், பந்தயம் வைத்தான். சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கோணல் மாணலாகக் கிடந்தன. இவ்வளவு கோணல் எந்த வீடியோவிலும் இல்லை. வெறும் குப்பையை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான்! இப்போது மொத்தத்தையும் தள்ளினால் பயந்து ஓடுவான். ஓடாவிட்டாலும் குப்பைதானே, நம் ராஜா ஜெயிக்கும். நாள் முழுக்கச் சேர்த்த வில்லைகளை இசோபே இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். தள்ளிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி, அசைக்க முடியாத சீட்டு வைத்திருப்பவர்போல் உட்கார்ந்தார்.

தோகுரா இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினான். அவன் பார்வை இசோபேவின் முகத்திலிருந்து மெல்ல இறங்கி, இடது மணிக்கட்டில் நின்றது. அங்கே இசோபேவின் வலது கை கடிகாரத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தது.

"ஆடறேன்," என்றான். சீட்டைத் திருப்பினான். இரண்டு ஏஸ், ராஜாவையும் விழுங்குகிற சீட்டு.

நடுவில் இருவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழுந்தன. ஒன்றுகூட இசோபே பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டுப் போடும் பெண் அவருடைய வில்லைகளை இரண்டு கையாலும் வாரித் தோகுராவிடம் தள்ளினாள்.

"கோணலா இருந்துச்சே..." என்று இசோபேவின் வாய் தானாகச் சொன்னது.

"ஆமாம். மத்தவங்க எல்லாரும் என் மூஞ்சியப் பார்த்தாங்க. நீங்க ஒருத்தர்தான் சீட்டு எப்படிக் கெடக்குன்னு பார்த்துட்டிருந்தீங்க. அதை உலகத்துல வேற யாரும் பார்க்க மாட்டாங்க. அதான் உங்களுக்காகக் கொஞ்சம் மாத்தி வச்சேன்."

அப்புறம் தோகுரா எழுந்தான். கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, இடுப்புவரை வளைந்தான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே வளைவு, கொஞ்சமும் குறைவில்லை.

"ரொம்ப நன்றி, கச்சோ."

அந்தச் சொல்! தோற்றுப்போய் உட்கார்ந்திருந்த இசோபேவின் முதுகெலும்பு, வெட்கமில்லாமல், ஓர் அங்குலம் நீண்டது.

"டிவியில பள்ளிக்கூடம்னு சொன்னேனே, அது உங்க மூஞ்சிதான் கச்சோ," என்றான் தோகுரா, குரலை உயர்த்தாமல். "இன்னைக்கு யார் மேல பாயப்போறீங்கன்னு ஆறு வருஷம் அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். பயந்தவன் வேற எதைப் பார்ப்பான்? மேலாளர்கிட்ட பொய் சொல்றப்ப கடிகாரத்தைத் திருப்புவீங்க. இன்னும் விடல போல. மணிலாவுல, சியோல்ல எல்லாம் ரொம்பக் கஷ்டமான ஆளுங்க, படிக்கவே முடியாது. நீங்கதான் எனக்கு அரிச்சுவடி."

கடைசி மேஜைக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். தோகுரா தன் வில்லைகளைத் தட்டில் அடுக்கினான். ஒரு வில்லையைக்கூட விடாமல் எண்ணி அடுக்கி, தண்ணீர் பாட்டிலை எடுத்து, கோட்டை எடுத்து, இன்னொரு முறை மேஜையைப் பார்த்துவிட்டுப் போனான்.

இசோபே எழுந்திருக்க மறந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. எப்படியோ, உலகமே பார்த்து நடுங்குகிறவனை உருவாக்கியது யார்? அவனே சொல்லிவிட்டான். எழுந்து வளைந்து கச்சோ என்றானே, கேமராவில்கூட இருக்கும். நாளைக் காலை ஹமானோவிடம் எப்படிச் சொல்லலாம், அரிச்சுவடியை மட்டும் எப்படி விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

முறை மாறி அப்போதுதான் வந்த வேறொரு சீட்டுப் போடும் பெண் மேஜையைத் துடைத்தாற்போல் எல்லாச் சீட்டையும் வாரி, கட்டாகச் சேர்த்துக் கலைத்தாள். கட்டு நடுவில் எதுவோ தடுக்கியது. இழுத்து எடுத்தாள். சின்னதாக, வெள்ளையாக ஒரு அட்டை, ஓரம் மடங்கியிருந்தது.

"விசிட்டிங் கார்டு," என்றாள். "அந்த இடத்துல யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க. சீட்டோட சேர்ந்துடுச்சு." வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "இசோபே. பிரிவுத் தலைவராம். யாருங்க இது, உங்களுக்குத் தெரியுமா?"

இசோபே எழுந்து கோட்டுப் பொத்தானை மாட்டினார். அவள் இன்னும் கார்டை நீட்டிக்கொண்டிருந்தாள், ஒற்றைக் கையால்.

"தெரியாதுங்க," என்றார்.